கொடியின் உயரம்

நாள் 4

இதை எழுதுவது இடக்கை. எழுத்து இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் சாய்ந்து சாய்ந்து போகிறது. முப்பத்தொரு வருடம் பிள்ளைகளின் கோணல் எழுத்தில் சிவப்பு மை வைத்தவளுக்கு இது வேண்டியதுதான் என்கிறார் என் வீட்டுக்காரர். சிரித்தால் தோள் வலிக்கிறது. மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஐப்பசி 11, விடிந்தும் விடியாத நேரம். மூன்று நாள் மழையில் கொல்லைப் படி பாசி பிடித்திருந்தது. பாசி இருப்பது தெரியும். தெரிந்தும் ஈரத்துணி வாளியோடு இறங்கினேன். கால் போனது, வலக்கை தானாகத் தரைக்குப் போனது. விழும்போது கையை நீட்டலாமா என்று யோசித்து யாரும் நீட்டுவதில்லை. தரையில் பட்டது உள்ளங்கை. அங்கே ஒரு சிராய்ப்புகூட இல்லை. அந்த அடி முன்கை, முழங்கை என்று ஏறிப்போய்த் தோளில் இறங்கியிருக்கிறது.

எக்ஸ்ரேயில் மேற்கை எலும்பின் கழுத்தில் மெல்லிய கோடு. விலகவில்லை, ஆபரேஷன் வேண்டாம், மூன்று வாரம் ஸ்லிங் என்றார் டாக்டர். பார்க்க வருகிறவர்கள் அதை பெல்ட் என்கிறார்கள். என் கண்ணுக்கு அது தூளி. உள்ளே கிடப்பதும் இரவில்தான் அழுகிறது.

நாள் 6

படுத்தால் வலி கூடுகிறது. சாய்வு நாற்காலியில், முழங்கைக்கு அடியில் தலையணை வைத்து, பாதி உட்கார்ந்து பாதி படுத்துக் கிடக்கிறேன். இதைத் தூக்கம் என்று சொல்வது மரியாதைக்குத்தான். ஜங்ஷன் பக்கமிருந்து ரயில் ஊதல், தாழ்வாரத்தில் சொட்டும் தண்ணீர், விட்டத்தில் பல்லி. மூன்றும் ஓய்ந்தபிறகு என் மூச்சு. அதையும் எண்ணிப் பார்த்தேன். நூறுக்குமேல் எண்ணத் தேவைப்படாத இரவு இன்னும் வரவில்லை.

நாள் 7

இன்றோடு ஹார்லிக்ஸ் பாட்டில் நான்கு. எனக்குச் சர்க்கரை என்பது தெருவுக்கே தெரியும்.

பக்கத்து வீட்டு அக்கா பிரண்டைத் துவையல் கொண்டுவந்தார். பிரண்டை நறுக்கிய கை அரிக்கும். நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கியிருக்கிறார். எலும்புக்கு நல்லது என்றார். ருசிக்காக இரண்டு பிடி சோறு அதிகம் சாப்பிட்டேன். ஒருவர் ஆட்டுக்கால் சூப், இன்னொருவர் புத்தூர் கட்டு. யோசனைகள் வேறுவேறு, வாசலில் செருப்பு மாட்டும்போது எல்லோரும் சொன்ன கடைசி வார்த்தை மட்டும் ஒன்று: கையை அசைக்காதே. திருச்சியிலிருந்து என் தங்கை போனில் கத்தினாள், "அசையாம கெட அக்கா, சொன்னா கேளு."

நம் வீடுகளில் பாசம் எப்போதும் இந்த ஒரு வினைச்சொல்லில்தான் வருகிறது. காய்ச்சலா, பிள்ளைப்பேறா, எலும்பு முறிவா, அசையாதே. எலும்பின் கோடு ஒட்ட அது வேண்டும்தான். ஆனால் டாக்டர் தந்த தாளில் முதல் நாளிலிருந்தே அசைக்கவேண்டியவற்றின் பட்டியல் இருக்கிறது. விரலை மடக்கி நீட்டு. மணிக்கட்டைச் சுழற்று. தூளியைத் தளர்த்தி முழங்கையை மடக்கி நீட்டு. துணியை உருண்டையாக்கிக் கசக்கு. மணிக்கொரு தரம். தோள் மட்டும் தூங்கட்டும், அதன் கீழே இருப்பதெல்லாம் விழித்திருக்கட்டும் என்பதுபோல.

வந்தவர்கள் போனபிறகு செய்கிறேன். அவர்கள் முன்னால் செய்தால் திட்டு விழுகிறது.

நாள் 8

தோளில் இருந்த கருநீலம் கீழே இறங்கிவிட்டது. முழங்கையின் உள்பக்கம் பழுத்த நாவல் நிறம். மார்பின் ஓரம் மஞ்சள். பயந்து போன் செய்தேன். உள்ளே கசிந்த ரத்தம் தன் எடைக்குக் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான் என்றார்கள். அடிபடாத இடத்தில் காயத்தின் நிறம். புவியீர்ப்பு விசை என்று எத்தனை வருடம் பாடம் நடத்தினேன். என் தோலுக்கடியில் அது வேலை செய்து பார்த்ததில்லை.

நாள் 10

பிசியோ வந்தாள். வாசலிலேயே "டீச்சர்!" என்றாள். ஒன்பதாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்ச். தனி ஊசல் சோதனையில் நூலை அறுத்தவள். அதை நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள்.

தோளை அவள் விளக்கியது எனக்குப் பிடித்தது. "ஸ்போர்ட்ஸ் டேல எலுமிச்சம்பழம் கரண்டி ஓட்டம் வைப்பீங்களே, அதுதான் டீச்சர்." இடுப்பு மூட்டில் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில் அது ஆழமில்லாத ஒரு தட்டில் நிற்கிறது. எந்த நேரத்திலும் பந்தின் மூன்றில் ஒரு பங்குகூடத் தட்டைத் தொடுவதில்லை. பழம் விழாமல் பார்த்துக்கொள்வது அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு தசைகளின் நாண்கள். எலும்பு வழியாகப் பார்த்தால் மொத்தக் கையும் உடம்போடு சேர்வது ஒரே இடத்தில், காறை எலும்பு நெஞ்செலும்பைத் தொடும் அந்தச் சின்ன மூட்டில். மற்றதெல்லாம் தசையின் தயவு. உடம்பில் வேறெந்த மூட்டுக்கும் இவ்வளவு சுதந்திரம் இல்லை. இவ்வளவு எளிதில் நழுவுகிற பெரிய மூட்டும் வேறில்லை.

கிளம்பும்போது சொன்னாள்: "இழுக்கிற மாதிரி இருந்தா செய்யுங்க. குத்துற மாதிரி இருந்தா நிறுத்திடுங்க. ராத்திரி தூங்க விடாம வலிச்சா, பகல்ல அதிகமா செஞ்சிட்டீங்கன்னு அர்த்தம்."

இவ்வளவு தெளிவாக நான் ஒரு பாடமும் நடத்தியதாக நினைவில்லை.

நாள் 12

ஊசல் தொடங்கியது. மேசை விளிம்பை இடக்கையால் பிடித்துக்கொண்டு, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, தூளியிலிருந்து கையை எடுத்துத் தொங்கவிட வேண்டும். பன்னிரண்டு நாளாக மார்போடு ஒட்டிக்கிடந்த கை கீழே இறங்கியபோது அது என்னுடையது மாதிரியே இல்லை. கடையில் தொங்கும் வாழைக்குலை மாதிரி இருந்தது.

கையை ஆட்டக்கூடாது என்பதுதான் இதில் சூட்சுமம். இடுப்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் கை தானாக ஆடும். தோளின் தசை ஒரு வேலையும் செய்யக்கூடாது. கேட்க எளிது. ஆனால் ஆட்டாமல் இருப்பது எனக்கு வரவில்லை. பத்து அலைவுக்கு ஒரு தரம் நான் உள்ளே புகுந்து உதவி செய்துவிடுகிறேன், உடனே வலிக்கிறது. விட்டுவிட்டால் வலிப்பதில்லை.

பழைய புத்தி போகவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். இருபது அலைவுக்கு 29 நொடி. ஒரு மீட்டர் நூலில் கட்டிய குண்டுக்கு ஒரு முழு அலைவு ஏறக்குறைய 2 நொடி. என் கை அதைவிடக் குட்டை, எடையும் நுனியில் இல்லை, ஆகவே ஒன்றரை நொடி சரிதான். வீச்சு சிறிதாக இருக்கும்வரை, கொஞ்சம் அகல ஆடினாலும் குறுக ஆடினாலும் அதே நேரம். அவசரப்பட்டால் அது ஊசல் இல்லை.

நாள் 14

அவர் எனக்குத் தலை பின்னினார். மூன்று கால் பின்னல், நடுவழியில் இரண்டு காலாகிவிட்டது. அப்படியே இருக்கட்டும் என்றேன்.

நாள் 16

தோள் ஓய்கிறது என்று கால்களும் ஓய்ந்துவிட்டால் சர்க்கரை ஏறும். மூன்று வேளையும் சாப்பிட்டபின் கூடத்தில் எட்டு போடுகிறேன். தூணுக்கும் ஊஞ்சல் சங்கிலிக்கும் இடையே ஒரு எட்டு, 15 நிமிடம். ஒரு கை கட்டுண்டு இருந்தால் நடையே மாறிவிடுகிறது. திரும்பும் இடத்தில் உடம்பு கொஞ்சம் தள்ளாடுகிறது. காலுக்கு எதிர்க்கை வீசித்தான் இத்தனை வருடம் நேராக நடந்திருக்கிறேன் போலும்.

மாடிப்படி ஏறலாம் என்று நினைத்தேன். ஏறும்போது கைப்பிடி இடப்பக்கம். மேலே போய்த் திரும்பி நின்றபோதுதான் உறைத்தது, இறங்கும்போது அது வலப்பக்கம். மேல்படியிலேயே உட்கார்ந்து, குழந்தைபோல் ஒவ்வொரு படியாகத் தேய்த்துக்கொண்டு இறங்கினேன். இனி மாடி இல்லை.

அதற்குப் பதில் சமையலறை. குக்கர் வைப்பது அவர். விசில் வரும்வரை மேடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்பது நான். நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது. மூன்று விசிலுக்குள் இரண்டும் முடிந்துவிடுகிறது. இதற்கு உடற்பயிற்சி என்று பெயர் வைத்திருந்தால் இரண்டாம் நாளே விட்டிருப்பேன்.

சட்டையோ நைட்டியோ, போடும்போது அடிபட்ட கையை முதலில் நுழைக்கவேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் விடவேண்டும். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை மாதிரி.

நாள் 20

ஐப்பசிக் கடைசி. கடைமுழுக்கு. மயிலாடுதுறையே துலாக்கட்டத்தில் இருக்கிறது. கங்கை முதலான நதிகளெல்லாம் இந்த ஒரு மாதம் காவிரிக்கு வந்து தங்கள் பாவத்தைக் கழுவிக்கொள்வதாக ஐதீகம். இன்று அதன் கடைசி நாள். விடியற்காலையிலிருந்து தெருவில் ஈரக்காலடிகள், குடங்கள், பிள்ளைகளின் கூச்சல். நான் ஜன்னலில்.

நாள் 21

கார்த்திகை ஒன்று. முடவன் முழுக்கு.

இந்த ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாது. ஐப்பசிக்குள் காவிரியில் முழுக வேண்டும் என்று எங்கிருந்தோ புறப்பட்ட ஒரு முடவன், நடக்கமாட்டாமல் நடந்து வந்து சேர்ந்தபோது மாதம் முடிந்துவிட்டது. அவனுக்காக இறைவன் ஒரு நாளைக் கூட்டிக் கொடுத்ததாகக் கதை. மற்றவர்கள் 30 நாளில் பெற்றது அவனுக்கு அந்த ஒரு நாளில். சின்ன வயதில் இந்தக் கதையில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு: அவ்வளவு கருணை இருந்தால் காலைச் சரிசெய்திருக்கலாமே? என் பாட்டியிடம் கேட்டு அடி வாங்கினேன்.

இப்போது கதை வேறுமாதிரி கேட்கிறது. அவன் கால் மாறவில்லை. ஊர்தான் தன் கணக்கை மாற்றிக்கொண்டது.

மூன்று வாரம் முடிந்தது என்று வீட்டுக்குள் தூளியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். வெளியே போனால் மட்டும் போட வேண்டும், கூட்டத்தில் யாரும் இடித்துவிடாமல் இருக்க. ஆற்றுக்குப் போகவில்லை. கொல்லையில், வெந்நீரில், முக்காலியில் உட்கார்ந்து முழுகினேன். குனிந்து கையைத் தொங்கவிட்டு அக்குளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மூன்று வாரத்தில் அங்கே வேர்வைப் புண் வந்திருந்தது. கழுவியது ஒரு சுகம். எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

நாள் 29

சோற்றாங்கை என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். பிறந்ததிலிருந்து அந்தக் கை உண்ணும் கை, கொடுக்கும் கை, கும்பிடும் கை. இடக்கைக்குப் பெயர் வைத்ததில் அவ்வளவு மரியாதை இல்லை. நாலு வாரம் அந்த மரியாதையில்லாத கைதான் என்னை வைத்துக் காப்பாற்றியது. கரண்டியால் ஊட்டியது, பல் தேய்த்தது, பொட்டு வைத்தது, இதோ எழுதிக்கொண்டும் இருந்தது. கீரைக்காரம்மாவிடம் இடக்கையால் காசு நீட்டியபோது வாய் தானாக "கோவிச்சுக்காதீங்க" என்றது. அவர், "கை இருக்கே, அதைச் சொல்லு" என்று வாங்கிக்கொண்டார்.

இன்று முதல் தரமாக வலக்கையால் சாப்பிட்டேன். முழங்கையைத் தொடையில் ஊன்றி, தோளைத் தூக்காமல். கை வாய்க்கு வரவில்லை. தலையைக் குனிந்து வாய்தான் கைக்குப் போனது. ரசஞ்சோறு. விரல் நுனியில் சூடு பட்டவுடன்தான் கரண்டியில் இத்தனை நாள் எது குறைந்தது என்று தெரிந்தது.

இந்தக் குறிப்பிலிருந்து எழுத்தும் வலக்கை. அழகு திரும்பவில்லை.

நாள் 38

மழை. மகன் அனுப்பிய ஒரு கட்டுரையில் எர்னெஸ்ட் அமோரி காட்மன் என்பவரைச் சந்தித்தேன். பாஸ்டன் அறுவை மருத்துவர். தோளைப் பற்றி மட்டுமே 1934இல் ஒரு பெரிய புத்தகம் எழுதியவர். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு ஆடும் ஊசல் இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. அசையாமல் வைத்த தோள், சில சமயம் காரணமே தெரியாமல் ஒரு தோள், மெல்ல மெல்ல இறுகிப் பூட்டிக்கொள்வதை ‘உறைந்த தோள்’ என்று சொல்லிவைத்ததும் அவர்தான். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் அதிகம் வருகிறது; சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். மூட்டைச் சுற்றியுள்ள பை தடித்துச் சுருங்கிவிடுகிறது. இறுகினால் இளக மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள்.

என் தங்கைக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். அசையாமல் கிடந்தால் எலும்பு ஒட்டும். கூடவே தோளும் ஒட்டிக்கொள்ளும். சொன்னேன். "நீ படிச்சவ, எப்படியோ போ" என்று வைத்துவிட்டாள். ஐந்து நிமிடத்தில் திரும்ப அழைத்து, அந்த ஊசலை எப்படிச் செய்வது என்று கேட்டாள். அவளுக்கு இடத்தோளில் மூன்று மாதமாக வலியாம். முதலில் டாக்டரிடம் காட்டு என்றேன்.

காட்மனுக்கு இன்னொரு பிடிவாதம் இருந்தது. சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆனபின்னும் நோயாளி எப்படி இருக்கிறார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை போட்டுக் குறிக்கவேண்டும், தவறினால் தவறு என்று எழுதவேண்டும் என்று வாதாடினார். உடன் இருந்த மருத்துவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1914இல் பெரிய ஆஸ்பத்திரிப் பதவியை விட்டு விலகினார். 1940இல் இறந்தபோது கல்லறைக்கு ஒரு கல்கூட வைக்கவில்லை. 2014இல்தான் வைத்திருக்கிறார்கள்.

நாள் 43

எக்ஸ்ரேயில் கோட்டைச் சுற்றி மேகம்போல் ஒரு மங்கல். அதுதான் புது எலும்பு என்றார் டாக்டர். இனி சுவர்.

சமையலறைக்குப் போகும் நடையில், சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சிலந்திபோல் மேலே ஏற்ற வேண்டும். ஏறிய உயரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு. வீட்டில் சாக்பீஸுக்குப் பஞ்சமில்லை. முதல் கோடு 3 அடி 10 அங்குலம். என் தோளைவிடக் கீழே! கரும்பலகையின் மேல் மூலையில் தேதி எழுதிய கை.

ஆத்திரத்தில் கொஞ்சம் மேலே ஏற்றினேன். பிசியோ பின்னாலிருந்து, "டீச்சர், காப்பி அடிக்கிறீங்க" என்றாள். தோளையே காதுவரை தூக்கிவிட்டு, கை உயர்ந்ததாகக் கணக்குக் காட்டியிருக்கிறேன். ஒழுங்கான தோளில் கையை முழுதாகத் தூக்கும் 180 பாகையில் மூட்டு 120 கொடுக்கும், முதுகில் உள்ள தோள்பட்டை எலும்பு சறுக்கி 60 கொடுக்கும். மூட்டு மறுத்தால் தோள்பட்டை அதன் பங்கையும் தானே சுமக்கப் பார்க்கும். பிடிபட்டபோது எனக்கு உண்மையிலேயே முகம் சிவந்துவிட்டது.

பகலில் பாயில் படுத்து, ஒட்டடைக் கம்பை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கை தள்ள மற்றதைத் தலைக்குமேல் கொண்டுபோகிறேன். படுத்திருக்கும்போது கை பயப்படுவதில்லை.

நாள் 50

மார்கழி ஒன்று. நாலரைக்கு எழுந்தேன். கோலம் இந்த வருடம் இல்லை என்று முடிவாகியிருந்தது; பக்கத்து வீட்டு அக்கா நம் வாசலுக்கும் சேர்த்துப் போடுவதாக ஏற்பாடு. அக்கா வருவதற்குமுன் சும்மா பார்க்கலாமென்று மாவுக் கிண்ணத்தோடு வெளியே போனேன். வீட்டுக்காரர் டார்ச் பிடித்துக்கொண்டு பின்னாலேயே.

இடுப்பிலிருந்து குனிந்தேன். வலக்கை கீழே தொங்கியது. விரலிடுக்கில் மாவு. ஒரு புள்ளி விழுந்தது. அப்போதுதான் கண்டேன், இது அதே நிலை. மேசை இல்லை, அவ்வளவுதான். குனிந்த உடம்பு, தொங்கும் கை, தூக்காத தோள், உடம்பு நகரக் கூடவே நகரும் விரல்கள். ஐம்பது வருடமாக விடியற்காலையில் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறேன், அதற்கு ஊசல் என்று பெயர் தெரியாமல். தலைவார முடியாத கைக்கு, அலமாரியில் தட்டு வைக்க முடியாத கைக்குக் கோலம் முடிகிறது. தரையில் செய்யும் வேலைக்குத் தோள் ஏற வேண்டியதில்லை.

ஏழு புள்ளி, ஏழு வரிசை. முன்பெல்லாம் நின்ற இடத்திலிருந்தே எட்டி ஓரத்தை முடிப்பேன். இன்று எட்டவில்லை, சுற்றி நடந்து போட்டேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் அடி எடுத்துவைக்க வேண்டியிருந்தது. முன்னைவிட மூன்று பங்கு நேரம். இடையில் இரண்டு முறை நிமிர்ந்து மூச்சு வாங்கினேன். குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றும் வயது.

பனிக்குள்ளிருந்து வந்த அக்கா கோலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவரைத் திட்டினார். "நீங்க சொல்லக்கூடாதா?" அவர் டார்ச்சை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சிக்கு ஒரு இடத்தில் தவறியிருக்கிறது. மூன்றாம் வரிசை. அழித்துச் சரிசெய்யவில்லை.

நாள் 58

மேல் தட்டிலிருந்த துவரம்பருப்பு டப்பாவை எடுக்கக் கையை நீட்டினேன். யோசிக்கவே இல்லை. பாதி உயரத்தில் கத்தி இறங்கியதுபோல் இருந்தது. டப்பா விழுந்தது, பருப்பு கூடமெல்லாம். எலும்புக்கு ஒன்றுமில்லை என்று பார்த்துச் சொன்னார்கள். இரண்டு இரவு மறுபடியும் சாய்வு நாற்காலி.

இன்றைய கோடு முந்தையதைவிட இரண்டரை அங்குலம் கீழே. அதையும் போட்டேன். காட்மன் நினைவுக்கு வந்தார்.

நாள் 63

சுவரில் கோடுகள் இருபது ஆகிவிட்டன. சில ஒன்றின்மேல் ஒன்று. வந்தவர்கள் பால் கணக்கா என்று கேட்கிறார்கள்.

நாள் 71

கொல்லைப் படியை அவர் ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துவிட்டார். இனி வாரம் ஒரு முறை தேய்ப்பதாகச் சொல்கிறார். வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் இதைப் படிக்கிற யாராவது இருந்தால் இன்றே போய்ப் படியைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

தலை நானே வாருகிறேன், கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து. பின்னல் இன்னும் அவர்தான். மூன்று கால் இப்போது முனைவரை மூன்று காலாகவே வருகிறது. துணி காயப்போடுவதும் அவர்தான். சட்டைகளைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார், கொடியைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. கொடியை இறக்கிக் கட்டட்டுமா என்று காலையில் கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

பிற்பகலில் அளவு நாடாவை எடுத்துப்போய் அளந்து பார்த்தேன். கொடி 5 அடி 8 அங்குலத்தில் இருக்கிறது. இன்றைய கோடு 5 அடி 1 அங்குலம்.